கோக்காவுக்குப் பாலிஷ்

என் வீட்டுக்காரருக்கு ஒரு திருகாணியைக் கையால் திருகுவது கௌரவக் குறைச்சல். நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபிட்டர், பர்மனென்ட். இருபது வருடமாக ராட்சத இயந்திரங்களின் வயிற்றுக்குள் ஏறி இறங்கியவர். அந்தப் பழக்கத்தில் வீட்டில் இருக்கும் எதையும் அவரால் சாதாரணமாகப் பார்க்க முடியாது. பாத்ரூம் தரையைத் தேய்க்க ட்ரில் மிஷின் முனையில் பிரஷ் மாட்டினார். இட்லி மாவைக் கலக்க ட்ரில் மிஷினில் கரண்டிக் காம்பைச் செருகினார். மாவு சமையலறைக் கூரையில் தெறித்துக் காய்ந்து, குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்வரை அங்கேயே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம்தான்: "பத்து நிமிசத்து வேல, ரெண்டு நிமிசத்துல முட்ஞ்சிது பாத்தியா?" அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னால் ஒயர் இழுக்கவும், பிட் தேடவும், பிளக் மாற்றவும் முக்கால் மணி நேரம் போனதை அவர் சேர்த்துக்கொள்வதே இல்லை.

அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. டவுன்ஷிப்பே அப்படித்தான். பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்றால், அவர் கார் போகும் சாலையில் இருக்கிற மரங்களுக்கெல்லாம் இடுப்புவரை காவியும் வெள்ளையும் பூசிவிடுவார்கள். பக்கத்துச் சாலை மரங்கள் பாவம், அவற்றைக் கேட்பாரில்லை. ஒர்க்ஷாப்பில் துருப்பிடித்த குழாய்க்கு மேலேயே பெயின்ட் ஏறும். பித்தளை வால்வுகளை முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்ப்பார்கள். வால்வு திறக்கிறதா மூடுகிறதா என்பது இன்ஸ்பெக்ஷன் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம். எங்கள் பள்ளிக்கூடம் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் உடைந்த பெஞ்சுகள் சைக்கிள் ஷெட்டுக்குப் போகும், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பூந்தொட்டிகள் எங்கள் வராந்தாவுக்கு வரும். அந்தத் தொட்டிகளை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுக்கும் வேலையை ஆறு வருடம் நான்தான் செய்தேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது நடந்த வருடங்களில் தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் கட். டவுன்ஷிப் எல்லையைத் தாண்டிப் பக்கத்து ஊரான வடக்குத்துக்குள் கால் வைத்தால் ஃபேன் சுற்றாது, மோட்டார் ஓடாது, பிள்ளைகள் மெழுகுவத்தி வைத்துப் படித்தார்கள். கரியை எரித்துக் கரண்ட் எடுப்பதே எங்கள் கம்பெனிதான் என்பதால், எங்கள் பிளாக்கில் மட்டும் பகலிலும் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும், அணைக்க யாருக்கும் தோன்றாது. என் வீட்டுக்காரரின் ட்ரில் மிஷின் ஒரு நாளும் பாதியில் நின்றதில்லை. நின்றிருந்தால் இதை நான் எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதோடு என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படையின் பெண்கள் பிரிவுக்கும் பொறுப்பு. பொறுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலையில் காக்கி உடுத்திக்கொண்டு மைதானத்தில் நின்று "சாவ்தான், விஷ்ராம்" என்று கத்த வேண்டும். இந்தி தெரியாத நான், இந்தி தெரியாத நாற்பது பெண்களைப் பார்த்து இந்தியில் கத்துவேன். அவர்களும் சரியாக நிற்பார்கள்.

ஆண்கள் பிரிவுக்குப் பொறுப்பு எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு வரும் குண்டெல்லாம் வருடா வருடம் அவருடைய பையன்களுக்குத்தான் போகும். எங்கள் பெண்களுக்குக் காயத்துக்குக் கட்டுப் போடவும் கையை ஆட்டி நடக்கவும் சொல்லித் தருவதோடு சரி. ஏன் என்று கேட்டதற்கு, "பொண்ணுங்க சத்தத்துக்குக் கண்ண மூடிக்குவாங்க டீச்சர். குண்டு எங்க போவுதுன்னு யாரு பாக்கறது?" என்று சிரித்தார். இதைச் சொன்னவர், ஆண்டு விழாவில் யாரோ வெடித்த சரவெடிக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடியவர். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இரண்டு வருடம் விடாமல் கடிதம் எழுதினேன். மூன்றாவது வருடம் படையின் அலுவலகத்துக்கு ஒரு சுபேதார் மாறி வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், குண்டும் துப்பாக்கியும் இருக்கும் ஸ்டோர் அவர் கையில்தான். என் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, "குடுக்கலாம் மேடம், ஏன் குடுக்கக் கூடாது? ஆனா கோக்கா ஒண்ணு விடாம வந்துடணும்" என்றார்.

கோக்கா என்பது, சுட்ட பிறகு துப்பாக்கி வெளியே துப்பும் காலிப் பித்தளைக் குப்பி. எங்கள் துப்பாக்கியின் குப்பி பென்சில் கனம்கூட இருக்காது, ஒரு விரல் கணு நீளம். எத்தனை குண்டு தந்தார்களோ அத்தனை கோக்கா திரும்பி வர வேண்டும். அதன் அடிப்பக்கத்தில் பொடியாக எழுத்துக் குத்தியிருக்கும். எங்கிருந்து வந்த சரக்கு என்பதற்கு அதுதான் அடையாளம். அதைப் பார்த்துத்தான், தாங்கள் தந்த குண்டுதான் சுடப்பட்டது, வேறு எங்கும் போகவில்லை என்று ஸ்டோரில் உறுதி செய்துகொள்வார்கள். ஒன்றிரண்டு மண்ணில் தொலைவது சகஜம். கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். குண்டு வாங்கிய அன்று அந்த எழுத்தைச் சீட்டில் என் கையாலேயே எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். இது முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இருநூறு குண்டு தந்தார்கள், நாற்பது பேருக்கு ஆளுக்கு ஐந்து. அது பயிற்சிக்கு. அடுத்த மாதம் இன்னொரு தவணை வரும். அது பத்தாம் வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேருக்கு, சான்றிதழ்த் தேர்வுக்காக. சுடாமல் சான்றிதழ் கிடையாது. அந்தச் சான்றிதழ் இருந்தால் போலீஸ் வேலைக்கு மனுப் போடும்போது கூடுதல் மார்க் கிடைக்கும் என்று அந்தப் பன்னிரண்டு பேரும் நம்பியிருந்தார்கள். பாதிப் பேர் கான்ட்ராக்ட் தொழிலாளிகளின் பெண்கள். மந்தாரக்குப்பத்திலிருந்தும் வடக்குத்திலிருந்தும் சைக்கிளில் வருகிறவர்கள். முதல் தவணைக் கோக்கா ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது தவணை. சுபேதார் இதை இரண்டு தடவை சொன்னார்.

ஒரு சனிக்கிழமை சுட்டோம். சுரங்கத்தில் தோண்டியெடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மேடு ஒன்று இருக்கிறது. அதன் அடிவாரத்தில்தான் குறி பார்க்கும் பலகையை நட்டிருந்தார்கள். முந்தின நாள் மழை. மண் களியாகக் குழைந்து கிடந்தது, நடுநடுவே கரித்துண்டு. பெண்கள் சாக்கு விரித்து அதன் மேல் குப்புறப் படுத்தார்கள். வடக்குத்திலிருந்து வரும் ஒரு நெட்டைப் பெண், எங்கள் பிளாக்கைப் பெருக்கும் கான்ட்ராக்ட் அம்மாவின் மகள், ஐந்து குண்டையும் ஒரு கைக்குட்டைக்குள் அடங்குகிற மாதிரி போட்டாள். உடற்பயிற்சி ஆசிரியர் சொன்னதும் உண்மைதான், கண்ணை மூடத்தான் செய்தாள். ஒரு கண்ணை.

சுட்டு முடித்ததும் நாற்பது பேரும் வரிசையாக முட்டி போட்டுக் கோக்கா பொறுக்கினார்கள். ஹேர்பின்னால் கிளறினார்கள், ஸ்கேலால் சுரண்டினார்கள். ஒன்று மட்டும் கிடைக்கவே இல்லை. வெயில் ஏறிவிட்டது. கடைசியில் அது ஒருத்தியின் மடித்துக் கட்டிய சடைக்குள், ரிப்பன் மடிப்பில் சொருகிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் காட்டியபோது பெண்கள் போட்ட கூச்சலில் துப்பாக்கிச் சத்தம் தோற்றது. இருநூறும் சரி. ஆண்கள் பிரிவு போன மாதம் பதினொன்றைத் தொலைத்துவிட்டு, "மழையில மண்ணோட போச்சு" என்று கடிதம் கொடுத்திருந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அன்றைக்கு வேறு சாப்பாடே தேவைப்படவில்லை.

துப்பாக்கிகளை ஜீப்பில் ஏற்றிய படை அலுவலகத்து ஆட்கள், கோக்காவைத் திங்கட்கிழமை சீட்டோடு ஸ்டோரில் நேரில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேசையில் கொட்டினால் பார்க்கச் சகிக்கவில்லை. களிமண் அப்பி, கரி ஒட்டி, எலிப்புழுக்கை மாதிரி கிடந்தன. இருநூறையும் ஒன்று விடாமல் பொறுக்கிய பெண்களின் சாதனையை இந்தக் கோலத்திலா கொண்டுபோய் வைப்பது? சுபேதார் பார்த்ததும் அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. பூந்தொட்டி எண்ணிய புத்தி.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். "என்னங்க, நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? இதக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுங்க" என்றேன். ஒரு பக்கெட் தண்ணீர், கொஞ்சம் புளி, அரை மணி நேரம். அதைத்தான் நான் நினைத்தேன்.

அவர் ஒரு கோக்காவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்ணில் அந்த மின்னல் வந்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மின்னல் வந்த பிறகு எங்கள் வீட்டில் எதுவும் ஒழுங்காக இருந்ததில்லை. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். ஏதோ ஒரு நாட்டில், கராஜில் நின்றுகொண்டு ஒரு தொப்பைக்கார வெள்ளைக்காரர் ட்ரில் மிஷின் முனையில் காலிக் குப்பியை மாட்டிச் சுழலவிட்டு வரிசையாகப் பாலிஷ் போடும் வீடியோ. அவர்கள் அந்தக் குப்பியில் மறுபடி மருந்து நிரப்பி, புதுக் குண்டு வைத்துச் சுடுவார்களாம். அதற்காக அளவெடுத்து வெட்டி, வாயைச் சீவி, உள்ளே துலக்கி, அடியைத் தேய்த்து, ஒவ்வொரு வேலைக்கும் அந்த வெள்ளைக்காரர் ட்ரில்லில் ஒரு முனை வைத்திருந்தார்.

"இன்னா வேகம் பாரு! கையால பண்ணிக்கினு இருந்தா ஒரு நாளு ஆவும். இவன் கண்ணு மூடி தொறக்கறதுக்குள்ள ஒண்ணு முடிக்கறான்."

"அவங்க திரும்ப மருந்து ரொப்பிச் சுடறாங்க. நம்மளது அப்படியே ஸ்டோருக்குப் போகுது. அப்புறம் எடைக்குத்தான் போடுவாங்க."

"இருக்கட்டுமே. வேலன்னு எடுத்தா முழுசா செய்யணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்தாரக்குப்பத்து ஹார்டுவேர் கடைக்குப் போய் உலோகம் தேய்க்கும் எமரித் தாளும் பாலிஷ் பசையும் வாங்கி வந்தார். பக்கத்து குவார்ட்டர்ஸ் எலெக்ட்ரீஷியனுக்குச் சேதி எப்படிப் போனதோ, அவரும் வந்து சேர்ந்தார். எங்கள் பின்பக்கத் தாழ்வாரத்தில் ட்ரில் மிஷினை வைஸ் இடுக்கியில் படுக்கவைத்து இறுக்கினார்கள். குப்பியை மாட்ட ஒரு கம்பு வேண்டும். என் மேசையிலிருந்த சிவப்பு நீலப் பென்சில் ஆறு, விடைத்தாள் திருத்த வைத்திருந்தது, எடுத்துச் சீவி முனையைக் குப்பிக்குள் இறங்குகிற அளவுக்கு ஆக்கிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பென்சில் ட்ரில்லில், குப்பி பென்சிலில். எலெக்ட்ரீஷியன் மாட்டுவார், இவர் எமரித் தாளைப் பிடிப்பார், அப்புறம் பசை தடவிய துணி. ஒரு சின்ன கிரீச், அவ்வளவுதான், மஞ்சளாக ஜொலிக்கும் ஒன்று தட்டில் விழும். கடைசியில் அடிப்பக்கத்தையும் எமரியில் ஒரு அழுத்து. "அடி கூட கண்ணாடி மாதிரி இருக்கணும்ணே," என்று எலெக்ட்ரீஷியன் மேற்பார்வை சொன்னார். இரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பது வருட சர்வீஸ்.

ட்ரில் சூடாகி வாசனை வந்ததும் டீ கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது தட்டைப் பார்த்தேன்.

என்ன சொல்வது? எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நகைக்கடைத் தட்டு மாதிரி இருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அடியில் பாதி எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அடுத்ததில் அதுவும் இல்லை, வழவழவென்று இருந்தது. "அட, சுத்தமா இருக்கே," என்று நானே என் வாயால் சொன்னேன். ஐந்து நாள் முன்பு அந்த எழுத்தைச் சீட்டில் எழுதியவள் நான். வகுப்பில் ஒரு பெண் கூட்டலில் ஒரு புள்ளியை விட்டால் கத்துகிறவள் நான். அன்றைக்கு என் மூளையில் பளபளப்பைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. கரண்ட் ஒரு மணி நேரம் போயிருந்தால் பாதியாவது தப்பித்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே கரண்ட் இல்லாமல் விசிறிமட்டையால் வீசிக்கொண்டிருந்தது. எங்கள் தாழ்வாரத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் இருநூறும் முடிந்துவிட்டது.

"கையால பண்ணியிருந்தா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. எலெக்ட்ரீஷியன் தலையை ஆட்டி ஆமோதித்தார். நான் ஒரு படி மேலே போய், காலி ஸ்வீட் பாக்ஸில் பஞ்சு பரப்பி, இருபது இருபதாகப் பத்து வரிசை அடுக்கி, மேலே டிஷ்யூ காகிதம் போட்டு மூடினேன். ரிப்பன் கட்டாததுதான் பாக்கி.

திங்கட்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். சுபேதார் மேசையில் பாக்ஸை வைத்து மூடியைத் திறந்தேன். அவர் அசந்துதான் போனார். நான் நினைத்த மாதிரி இல்லை.

ஒன்றை எடுத்தார். அடியைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். இன்னொன்று. அப்புறம் ஒரு வரிசை முழுக்க ஒன்றொன்றாக எடுத்துக் கவிழ்த்தார்.

"மேடம், இது நாங்க குடுத்ததா?"

"ஆமாங்க. இருநூறும் இருக்கு. ஒண்ணுகூடக் குறையல. எண்ணிக்கோங்க."

"எண்ணிக்கை சரி மேடம். மார்க் எங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாலிஷ் போட்டதில் போய்விட்டது, என் வீட்டுக்காரர்தான், ட்ரில் மிஷினில், சுத்தமாக இருக்கட்டும் என்று, என்று ஏதேதோ உளறினேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இத ஏன் மேடம் பாலிஷ் போட்டீங்க? இந்த ரகத்துல திரும்ப மருந்தே போட முடியாது. நசுக்கி எடைக்குத்தான் போடுவோம்."

"தெரியுங்க."

"மார்க் இல்லாத கோக்காவ நான் எங்களோடதுன்னு எப்படி வாங்கறது? நாளைக்கு ஆடிட் வந்தா, எங்கயோ இருந்து கொண்டாந்து குடுத்தாங்கன்னுதான் சொல்லுவாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "மண்ணோட அப்படியே ஒரு சாக்குல போட்டுக் கொண்டாந்திருந்தா நான் அஞ்சு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டிருப்பேன் மேடம். இப்ப நான் எழுதறதுன்னா, இருநூறும் வரலன்னுதான் எழுதணும்."

பதினொன்று தொலைத்த ஆண்கள் பிரிவு உத்தமர்கள். ஒன்றுகூடத் தொலைக்காத நாங்கள் இருநூறையும் தொலைத்தவர்கள். எழுத்து மூலமாக விளக்கம் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன், என்றார். பாக்ஸை மூடி என் பக்கமே தள்ளிவைத்தார்.

வீட்டுக்கு வந்து நான் பேசிய பேச்சு இங்கே எழுதத் தக்கதல்ல. என் வீட்டுக்காரர் முழுவதையும் கேட்டார். கொஞ்ச நேரம் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இது ஒரு மேட்டரே இல்ல. ஊசி மாதிரி ஒரு பிட்டு வருது. ட்ரில்லுல மாட்டிக்கினு அந்த எழுத்த திரும்ப குத்திட்டா போச்சு. சீட்டுல எழுதி வச்சிக்கிறியே, பாத்து சொல்லு. ஒரு மணி நேரம். இருநூறும் முட்ச்சிடலாம்."

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், வலித்தது. சர்க்கார் குத்திய அடையாளத்தைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் ட்ரில் மிஷின் வைத்துப் போலியாகக் குத்தலாம் என்கிறார், ஏதோ சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி. ஜெயிலுக்குப் போனால் அங்கேயும் கம்பியை அறுக்க இவருக்கு ஒரு பிட் தெரிந்திருக்கும். எலெக்ட்ரீஷியன் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணி, அண்ணன் சொல்றதும் ஒரு ஐடியாதான்," என்றார். அவர் தலையைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளாமல் விட்டது என் பொறுமை.

விளக்கக் கடிதத்தை நான்தான் எழுதினேன். 'எனக்குத் தெரியாமல், என் கணவர் அறியாமையால் செய்த தவறு' என்று எழுதினேன். டீ கொடுக்கப் போனதையும், தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்ததையும், சுத்தமாக இருக்கிறது என்று சொன்னதையும் எழுதவில்லை. கீழே அவரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"இன்னா எழுதிக்கிற?"

"உங்க தப்புன்னு எழுதியிருக்கேன்."

"சரி" என்று வாங்கிப் படிக்காமலேயே போட்டார். பேனாவை மூடிக் கொடுத்தார். நான் தாழ்வாரத்தில் என்ன சொன்னேன் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அவரைப் பற்றி நான் இவ்வளவு கேவலமாக எழுதியிருக்கிறேனே, அந்த ஒரு கையெழுத்துக்கு முன்னால் நான் எந்த மூலைக்கு?

மேலிடத்துப் பதில் வந்தது. என் மேல் நடவடிக்கை இல்லை, எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் பெண்கள் பிரிவுக்கு அந்த வருடம் இனிமேல் குண்டு இல்லை. இரண்டாவது தவணை ஆண்கள் பிரிவுக்கு மாற்றப்பட்டது. பன்னிரண்டு பெண்களிடம், "மேல இருந்து இந்தத் தடவை வரலம்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. டீச்சர் சொன்னால் அப்படியே நம்புகிற பிள்ளைகள்.

ஒரு வாரம் கழித்து உடற்பயிற்சி ஆசிரியர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"டீச்சர், வர்ற சனிக்கிழமை பசங்களுக்கு ஃபயரிங். உங்க பொண்ணுங்களையும் கொஞ்சம் அனுப்புங்க. கோக்கா பொறுக்க. நல்லா பொறுக்குதுங்க. எச்.எம். கிட்டயும் சொல்லிட்டேன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் இல்லாமல் இல்லை, இந்த எழுத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும். ஆனால் என் பெயரில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஃபைலில் படுத்திருந்தது. இன்னொன்றுக்கு எனக்குத் துணிவில்லை. "சரி சார்" என்றேன்.

அதே மண்மேடு. பையன்கள் சாக்கின் மேல் படுத்துச் சுட்டார்கள். பலகையை விட மேட்டில்தான் அதிகம் பட்டது. உடற்பயிற்சி ஆசிரியர், குடைக்குள் தள்ளியே நின்று, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, "சபாஷ்டா" என்று கத்தினார். சுட்டவர்கள் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் பிஸ்கட் தின்னப் போனார்கள். என் பெண்கள் முட்டி போட்டார்கள். ஹேர்பின், ஸ்கேல், அதே வேலை, அதே சுத்தம். யாரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வடக்குத்துப் பெண் கை நிறையப் பொறுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் பையை விரித்துப் பிடித்தேன். அவள் போடவில்லை.

"மிஸ், ஒண்ணு கேக்கலாங்களா? நம்ப அன்னிக்கு இருநூறும் கரெக்டா பொறுக்கிக் குட்த்தோம். சடையில மாட்டிக்கினு இருந்தது கூட வுடல. இவங்க பதினொண்ணு தொலச்சாங்க. அப்பறம் ஏன் மிஸ் இவங்களுக்கு வந்துச்சு, நமக்கு வரல?"

மேலே, ஆபீஸ், நிர்வாகம் என்று சொல்ல எத்தனையோ சொற்கள் இருந்தன. அவள் முழங்காலில் களி அப்பியிருந்தது. என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ட்ரில் மிஷின், பென்சில், எமரித் தாள், பஞ்சு பரப்பிய ஸ்வீட் பாக்ஸ், எல்லாவற்றையும். டீ கொடுக்கப் போனதையும் சொன்னேன். கடிதத்தில் எழுதாததை அந்தப் பெண்ணிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். அடையாளம் போய்விட்டது, நாம் பொறுக்கினதெல்லாம் கணக்கில் வரவில்லை, அதனால்தான் உங்கள் பன்னிரண்டு பேருக்கும் குண்டு இல்லை என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது கோபப்படுவாள் என்று. இரண்டும் இல்லை. என்னைப் பார்த்தாள். என் வீட்டுக்காரரை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி ஒரு பார்வை. பழக்கத்தில் ஒரு கோக்காவைச் சட்டை நுனியில் துடைக்கப் போனவள், கையை நிறுத்திக்கொண்டாள்.

"மண்ணோடவே குட்த்திருக்கலாம் இல்லீங்க மிஸ்?" என்றாள்.

அதைத் துடைக்காமல், களியோடு அப்படியே பைக்குள் போட்டுவிட்டு, அடுத்ததைத் தேடப் போனாள்.